புது பேட்டரி போட்டும் வண்டி காலையில் எடுக்கவில்லையா?

கேள்வி: என்னுடையது 2010 மாடல் பெட்ரோல் கார். திடீரென ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான் வருகிறது. ஜம்பர் போட்டால் எடுத்துவிடும். அப்புறம் பத்து நாள் தொந்தரவே இருக்காது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு நான்கு மாதத்துக்கு முன் பேட்டரியை மாற்றினேன், இப்போது அதே கதை. ஒரு எலக்ட்ரீஷியன் டைனமோ என்கிறார். இன்னொருவர் வயரிங் முழுக்க மாற்ற வேண்டும் என்கிறார். எதற்குச் செலவு செய்வது?
- வாசகர், ஈரோடு

பதில்: இப்போதைக்கு எதற்கும் வேண்டாம். இருவருமே மீட்டர் வைத்துப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. பார்க்காமல் சொன்னதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

முதலில் பழி பேட்டரி மீதா, வண்டி மீதா என்று பிரியுங்கள். பேட்டரியை வெளியே கொடுத்து முழுசாகச் சார்ஜ் ஏற்றி, இரண்டு மூன்று இரவுகள் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி வையுங்கள். 10 எம்.எம். ஸ்பேனர் போதும். சாவி கையில் இருக்கட்டும், டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கழற்றிய நிலையிலும் வோல்ட் இறங்கினால் பேட்டரிதான் கோளாறு. அப்படியே நின்றால் வண்டிதான் கரண்டைக் குடிக்கிறது. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். மாட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஹெட்லைட் போட்டுப் பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால் டைனமோ சார்ஜ் செய்கிறது.

வண்டிதான் காரணம் என்றால் ஒரு கணக்குப் போடுங்கள். சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரிதான் (ஒரு ஆம்பியர் வீதம் இழுத்தால் சுமார் 35 மணி நேரம் தாங்கும்). டிக்கி பல்பு 5 வாட், இழுப்பது 0.4 ஆம்பியர். பத்து மணி நேரம் எரிந்தாலும் 4 ஆம்பியர்-மணிதான் போகும், காலையில் வண்டி எடுத்துவிடும். சனி, ஞாயிறு நிறுத்திவைத்து திங்கட்கிழமை எடுக்கவில்லை என்றால் அந்த பல்பைச் சந்தேகப்படலாம். முந்தின இரவுவரை நன்றாக ஓடிய வண்டி ஒரே இரவில் படுத்தால் இழுப்பது இரண்டு மூன்று ஆம்பியர். பிரேக் லைட், ஒட்டிக்கொண்ட ரிலே (கரண்டால் இயங்கும் ஸ்விட்ச்), ஓடிக்கொண்டே இருக்கும் ஃபேன் போன்ற பெரிய ஆசாமிகளைத்தான் தேட வேண்டும். ஆகவே படுத்த நாட்களில் வண்டி எத்தனை மணி நேரம் நின்றது என்பதைக் குறித்து வையுங்கள். கடைசியாக ஏசி போட்டீர்களா, டிக்கியைத் திறந்தீர்களா, மழை பெய்ததா என்பதையும் எழுதுங்கள். வந்து வந்து போகும் கோளாறுக்கு இந்தச் சீட்டைவிட நல்ல கருவி கிடையாது.

இரவு பூட்டிய பிறகு வண்டியின் பின்னால் போய் நின்று பாருங்கள், சுவரில் சிவப்பு வெளிச்சம் அடிக்கிறதா என்று. பழைய கார்களில் பிரேக் பெடலில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் அல்லது ரப்பர் கட்டை வெயிலில் பொடிந்துபோகும், ஸ்விட்ச் அணையாது. துண்டுகள் கால்மிதியில் கிடக்கும். இதுதான் காரணம் என்றால் புதுக் கட்டைக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. மூடிய பிறகும் டிக்கி விளக்கு எரிகிறதா என்று அறிய, ஃபோனில் வீடியோ பதிவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பானட்டைத் திறந்து ரிலேக்களையும் டைனமோவையும் தொட்டுப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் எல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு ரிலே மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் அதன் காண்டாக்ட் ஒட்டியிருக்கலாம். டைனமோ சூடாக இருந்தால் உள்ளே டயோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) கசிகிறது, உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னது சரி. வண்டி ஓடும்போது சார்ஜ் சரியாக இருந்தும் நிறுத்திய பிறகு டயோடு கசிவது உண்டு.

அடுத்தது மீட்டர். நெகட்டிவ் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்டுங்கள். செல்ஃப் மட்டும் அடிக்காதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். கதவு திறந்திருந்தால் ஸ்க்ரூடிரைவரால் கதவுப் பூட்டை மூடிய நிலைக்குத் தள்ளி, அரை மணி நேரம் காத்திருங்கள். வண்டியின் கண்ட்ரோல் யூனிட்கள் உறங்கியபின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. அதிகமானால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதில் எண் சட்டென்று இறங்குகிறதோ அந்த வழியில்தான் கசிவு. அன்றைக்கு நன்றாக இருந்தால் வண்டிக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்துவிடாதீர்கள், படுக்கும் நாளில்தான் உண்மை தெரியும். அதற்கு வயரைச் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டர் வசதி, டெர்மினலைக் கழற்றவே வேண்டாம். ஆனால் மலிவான கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசி ஆம்பியரை (வீட்டுக் கரண்ட் வகை) மட்டுமே அளக்கும். டிசி ஆம்பியர் (பேட்டரி கரண்ட் வகை) அளக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

என் சந்தேகப் பட்டியலில் முதலிடம் கம்பெனி போடாத பொருட்களுக்குத்தான். வெளியே மாட்டிய ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக், டிராக்கர், டாஷ்கேம் ஆகியவை இதில் அடங்கும். ஸ்டீரியோவில் மஞ்சள் வயர் நேரடி கரண்டுக்கும் சிவப்பு வயர் சாவி வழிக்கும் போக வேண்டும். அவசரக்காரர்கள் இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். சாவியை எடுத்தாலும் செட் அணையாது.

பணம் விஷயத்தில், கண்டுபிடிக்கும் கூலியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எத்தனை ஆம்பியர் இழுத்தது, எந்த ஃபியூஸில் இறங்கியது என்பதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வயரிங் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: அடிக்கடி டவுன் ஆன பேட்டரியை வாரண்டியில் மாற்றித் தருவார்களா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: டவுன் ஆனது மட்டும் உற்பத்திக் குறையாகாது. சார்ஜ் ஏற்றி லோடு டெஸ்ட் (அதிக கரண்ட் இழுத்துத் தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்வார்கள், அதில் தேறினால் திருப்பித் தந்துவிடுவார்கள். ஆனால் திரும்பத் திரும்ப முழுதாகக் காலியானால் லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் குறைந்துவிடும், ஆகவே கசிவைச் சரிசெய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். வாரண்டி கார்டில் தேதியும் கடை முத்திரையும் இருக்கட்டும். பேட்டரியைக் கொடுக்கும்போது ரசீதும், டெஸ்ட் முடிவை எழுத்தில் கொடுக்கவும் கேளுங்கள். பல பேட்டரிகளில் வாரண்டி காலத்தில் முதல் பகுதிக்குத்தான் இலவச மாற்று, மீதிக்கு விலையில் தள்ளுபடிதான் கிடைக்கும். எத்தனை மாதம் எது என்று கார்டில் இருக்கும். டெஸ்ட்டில் தோற்றும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.