தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே: பஸ் வீட்டின் உள்சுவர் கேள்விகள்

பழைய பஸ்ஸை வாங்கித் தோப்பிலோ களத்துமேட்டிலோ நிறுத்தி வீடாக்குபவர்கள் டெல்டாவின் பல ஊர்களிலிருந்து கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றில் உள்சுவர் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

ஐயா, சீட்டெல்லாம் கழற்றியாச்சு, உள் ஷீட்டையும் பிரித்துவிட்டோம். நாளைக்கே பிளைவுட் அடிக்கலாம் என்கிறார் ஆசாரி. அடிக்கலாமா? (மன்னார்குடி)

வேண்டாம், முதலில் ஒழுகல் பாருங்கள். ஒருவர் வெளியே குழாயில் தண்ணீர் அடிக்கட்டும், இன்னொருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் பக்கத் தகரம், அப்புறம் ஜன்னல் ரப்பர், கடைசியில் கூரை. எடுத்த எடுப்பில் கூரையில் அடித்தால் எல்லா இடமும் ஒன்றாக நனையும், எது ஓட்டை என்று தெரியாது. தண்ணீர் சொட்டும் இடத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். கூரைக் கேரியரின் போல்ட் வழியாக இறங்கும் நீர், பக்கச் சுவரின் இரும்புக் கம்பத்தின் உட்புறமாகவே ஓடி, தரை மூலையில்தான் தலைகாட்டும்.

அடுத்து ஜன்னலுக்குக் கீழே ஒவ்வொரு கம்பத்தின் அடியையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே ஊறிய பிஸ்கட் மாதிரி முனை இறங்கும். அப்படி இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். பிறகு கம்பி பிரஷ், பிரைமர். உள்பகுதி ஊர்களுக்கு ரெட் ஆக்சைடு போதும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றுக்கு எப்பாக்சி பிரைமர்தான் சரி. வெல்டிங் வேலை மொத்தமும் முடிந்த பிறகே இன்சுலேஷன். ஃபோம் ஒட்டிய சுவர்ப்பக்கம் ஒரு பொறி போனாலும் ஆபத்து.

மார்கழியில் விடியற்காலை உள் தகரம் வியர்த்து வடிகிறது. கிளாஸ் வூல் வைத்து மூடிவிட்டால் போதுமா, சார்? (வேதாரண்யம்)

போதாது, நிலைமை மோசமாகும். அந்த ஈரம் வெளியிலிருந்து வருவதில்லை. தூங்குபவர்களின் மூச்சும் சமையல் ஆவியும்தான் பனியில் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகின்றன. கிளாஸ் வூலும் ராக் வூலும் வெப்பத்தைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. ஈரக்காற்று பஞ்சுக்குள் நுழைந்து தகரத்தைத் தொடும், பஞ்சு நனையும். முன்னால் பலகை இருப்பதால் அது காயவும் வழியில்லை. கண்ணுக்குத் தெரியாமலே துரு ஏறும்.

அறைக்குள் இருக்கும் காற்று தகரத்தைத் தொடக்கூடாது. இதுதான் பஸ் சுவரின் முதல் விதி, மற்றதெல்லாம் இதற்கு அப்புறம். அதனால் மூடிய நுண்ணறைகள் கொண்ட பொருளை இடைவெளியில்லாமல் தகரத்தோடு ஒட்ட வேண்டும். ஏசி டக்ட் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் நைட்ரைல் ரப்பர் ஷீட் நல்லது. வளைவுக்கு வளையும், கத்தியால் வெட்டலாம், நீர் குடிக்காது. இணைப்புகளை அதற்குரிய டேப்பால் மூடுங்கள். நேரான பகுதிக்கு எக்ஸ்பிஎஸ் (கெட்டியான பாலிஸ்டைரீன் ஃபோம்) அட்டை வைத்துச் செலவைக் குறைக்கலாம். கம்பங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் நன்றாக மூடி, கம்பத்தை வெறுமனே விட்டால் அந்தக் கோட்டில் வெயிலும் இறங்கும், பனியும் வியர்க்கும். கம்பத்தின் முகத்தில் மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டி, அதன் மேல் பலகையைத் திருகுங்கள்.

எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் ஆவி வெளியேற வழி வேண்டும். கூரையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம்.

எங்களுக்கு ரைஸ் மில் இருக்கிறது. நெல் உமியைச் சுவருக்குள் கொட்டி நிரப்பலாமா? (பாபநாசம்)

கையில் இருக்கும் பொருளைப் பயன்படுத்த நினைப்பது நல்ல மனசு. உமி வெப்பத்தை நன்றாகவே தடுக்கும். சிலிக்கா மிகுதி என்பதால் சட்டென்று கொழுந்துவிட்டும் எரியாது. ஆனால் பஸ் ஓடும்போது அதிர்வில் உமி கீழே தணிந்துவிடும், மேல் பகுதி காலியாகும். உமியோடு வரும் நொய்க்கும் தவிட்டுக்கும் எலி வரும். ஐப்பசி மழையில் ஒரு இடம் ஒழுகினாலும் அடியில் மக்கும். வேண்டாம்.

படுக்கையறைத் தடுப்புக்கு 18 மி.மீ. பிளைவுட் நிறுத்தலாமா? (திருத்துறைப்பூண்டி)

8-க்கு 4 அடி, 18 மி.மீ. தாள் ஒன்று ஏறத்தாழ 35 கிலோ. வீட்டில் அது ஒரு பொருட்டில்லை, பஸ்ஸில் எடை கூடிக்கொண்டே போகும். ஒரு அங்குல ஸ்கொயர் டியூபில் சட்டம் செய்து இரண்டு பக்கமும் 6 மி.மீ. அடியுங்கள். உறுதியும் இருக்கும், வயரிங்குக்கு இடமும் கிடைக்கும். சட்டத்தின் அடியைத் தரைப் பலகையில் திருகாமல், கீழே உள்ள இரும்புக் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போடுங்கள். தலைப்பக்கம் கூரையை முட்டக்கூடாது. ஓடும்போது பாடி முறுகும், இறுக்கமாக நிற்கும் தடுப்பு கிறீச்சிடும், மூலையில் பிளக்கும். அரை அங்குலம் விட்டு ரப்பர் வையுங்கள். அதே காரணத்தால் இணைப்புகளில் பட்டி பூச வேண்டாம், இழுபடும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட் போடுங்கள்.

பிளைவுட்டில் ஐஎஸ் 710 (நீர் தாங்கும் மரைன் பிளைவுட்) முத்திரை பார்த்து வாங்குங்கள். குளியலறைக்கு மட்டும் டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) போடலாம். ஜிப்சம் போர்டு பஸ்ஸுக்கு ஒத்துவராது.

தென்னந்தோப்பில் நிறுத்தியிருக்கிறோம். கரையான் ஏறுமா? (பட்டுக்கோட்டை)

ஏறும். டயரில் மண்கூடு கட்டி மேலே வந்துவிடும். காங்கிரீட் தளத்தின் மேல் நிறுத்துங்கள், சக்கரத்தைச் சுற்றி மட்டையும் ஓலையும் சேரவிடாதீர்கள், வாரம் ஒருமுறை குனிந்து பாருங்கள். மூங்கில் தட்டி வைத்து அழகுபடுத்துவதாக இருந்தால் போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறிய மூங்கிலாக வாங்குங்கள், இல்லாவிட்டால் வண்டு துளைத்து மாவு கொட்டும்.

வயரிங் சுவருக்கு உள்ளேயா, வெளியேயா? (கும்பகோணம்)

உள்ளே போகலாம், ஆனால் ஃப்ளெக்சிபிள் பைப்புக்குள். தகரத்தைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் கிராமெட் (துளையின் ஓரத்தை மூடும் வளையம்) இல்லாவிட்டால் அதிர்வில் வயர் அறுந்து பாடி முழுக்க ஷாக் அடிக்கும். பாடிக்கு எர்த், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, இரண்டும் வேண்டும். தெர்மகோல் வைத்திருந்தால் பிவிசி வயர் அதில் படக்கூடாது, நாளடைவில் உறை இறுகி விரிசல் விடும்.

அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் ஒட்டலாமா அண்ணா? (திருவையாறு)

நிரந்தரமாக நிற்கும் பஸ் என்றால் ஒட்டலாம்மா. ஓடும் பஸ்ஸில் விரிசல் விடும். சிமெண்ட் ஃபைபர் போர்டு அடித்து அதன் மேல் எவர்சில்வர் தகடு போடுவது நல்லது. தகட்டுக்குப் பின்னால் ஃபோம் இருக்கக்கூடாது, அந்த இடத்துக்கு மட்டும் ராக் வூல் வைத்து, ஓரங்களைத் தீ தாங்கும் சீலன்டால் அடைத்துவிடுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். எனவே சிலிண்டர் அறையின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் விட வேண்டும், அறைக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருக்கக்கூடாது.

எமர்ஜென்சி கதவை மூடி அலமாரி வைத்துக்கொள்ளலாமா? ஆர்டிஓவில் ஏதாவது சொல்வார்களா? (சீர்காழி)

மூடவே மூடாதீர்கள். முன்பக்கம் தீப்பிடித்தால் உங்கள் குழந்தைகள் வெளியேறும் வழி அதுதான். பஸ்ஸைச் சாலையில் ஓட்டுவதாக இருந்தால், ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுக்குள் வரும். பலகை வாங்கும் முன்பே வரைபடத்தோடு ஆர்டிஓ அலுவலகம் போய்வாருங்கள்.