காசு கொடுத்து அழ வேண்டுமா?

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் பெங்களூரு அல்சூரில் பிறந்து வளர்ந்தவன். வயது 41. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். என் அம்மா மாரடைப்பில் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அன்று எனக்கு இரவு ஷிப்ட். கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலை ஆறு மணிக்கு எடுத்துப் பார்த்தபோது பதினொரு அழைப்புகள் இருந்தன. முதல் இரண்டும் அம்மாவின் எண்ணிலிருந்து வந்தவை.

காரியங்களில் எந்தக் குறையும் வைக்கவில்லை. பதினாறாம் நாள், காவிரியில் பச்சிமவாகினி என்ற இடத்தில் அஸ்தி கரைத்தது, வருடத் திதி எல்லாம் முறைப்படி செய்தேன். ஆனால் அம்மாவின் அறைக்குள் இன்னும் போகவில்லை. புளிக்குழம்பு தாளிக்கும் வாசனை வந்தால் தெருவுக்கு வந்துவிடுகிறேன். தூக்கம் இல்லை. சில இரவுகளில் நானும் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன என்று தோன்றும். மனைவி வற்புறுத்தி ஒரு மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போனாள். அவர் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் பேசினார். இரண்டும் எனக்குத் தெரியும். அம்மாவைப் பற்றிப் பேச இரண்டிலும் வாய் வரவில்லை. துக்கத்துக்கு ஐந்து படிகள், நீங்கள் இரண்டாவதில் இருக்கிறீர்கள் என்றார். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

"யாருக்குத்தான் தாய் சாகவில்லை? காசு கொடுத்து அழ வேண்டுமா?" என்கிறார் மாமா. உங்கள் கணவர் இறந்த பிறகு நீங்கள் சிகிச்சைக்குப் போனதாக எழுதியிருந்தீர்கள். அது உதவியதா? அம்மாவை மறக்கவைத்துவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம்.

---

அன்புள்ள தம்பி,

கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் எழுதியதுபோல் ஒரு வரி இருக்கிறது. நானும் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன என்ற வரி. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதற்குத்தான் பதில். இன்றிரவு அந்த வரியை உங்கள் மனைவிக்குப் படித்துக் காட்டுங்கள். வாயால் சொல்ல முடியாவிட்டால் கடிதத்தையே அவர் கையில் கொடுங்கள். நள்ளிரவில் அந்த எண்ணம் வந்தால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். டெலி மனஸ் என்ற பெயரில் மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய மனநல உதவிச் சேவை அது. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். எண்ணம் வலுத்து, எப்படி என்று மனம் கணக்குப் போடத் தொடங்கினால் ஒரு நிமிடமும் தனியாக இருக்காதீர்கள். யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அது இரவிலும் திறந்திருக்கும். இதைச் செய்வதாக எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

இனி மாமாவின் கேள்வி. காசு கொடுத்து அழுவது நமக்குப் புதிதில்லை, தம்பி. ஆம்பூர்ப் பக்கம் எங்கள் கிராமத்தில் பாட்டி இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒப்பாரி பாட ஓர் அம்மாவை வரவழைத்திருந்தார்கள். வந்ததும் அவர் பாடத் தொடங்கவில்லை. கொல்லைப்புறத்துத் துவைகல்லில் உட்கார்ந்துகொண்டு என் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். எத்தனை பிள்ளை பெற்றவள், எந்தப் பிள்ளை தவறியது, வாய்க்கு எது பிடிக்கும், கடைசியாக யாரோடு மனத்தாங்கல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஒரு ஜோடிக் கம்மலை அடகு வைத்ததில் பாட்டிக்கும் அம்மாவுக்கும் நான்கு வருடம் பேச்சு இல்லை. அதுவரை அம்மா கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. பாட்டு அந்தக் கம்மலுக்கு வந்தபோது அம்மா தலையை விரித்துப்போட்டுக்கொண்டு தரையில் விழுந்தார். முடிந்ததும் அந்தப் பெண்மணிக்கு ஒரு புடவையும் மரக்கால் அரிசியும் பணமும் கொடுத்தார்கள். கூலி கொடுத்து அழுதோமே என்று யாரும் வெட்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தத் துவைகல் இன்று நம்மிடம் இல்லை. இந்த ஊரில் மரணம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வில்சன் கார்டன் மின்மயானத்தில் நமக்குப் பின்னால் அடுத்த வண்டி காத்திருக்கிறது. மூன்றாம் நாள் மேலாளர் அழைக்கிறார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே வருகிறார்கள். கடைசியாக யாரோடு மனத்தாங்கல் என்று கேட்க ஆள் இல்லை. நல்ல சிகிச்சையாளர் அதைக் கேட்கிறார். அதுவும் ஒரே நாளில் கேட்டு முடித்துவிடாமல் மாதக்கணக்கில் கேட்கிறார்.

எனக்கும் முதலில் வாய்த்த சிகிச்சையாளர் சரியில்லை. காகிதத்தில் ஏணி ஒன்று வரைந்து நான் எந்தப் படியில் நிற்கிறேன் என்று காட்டினார். அந்த ஐந்து படிகள் வந்த கதையைச் சொல்கிறேன். எலிசபெத் கூப்ளர்-ரோஸ் என்ற மனநல மருத்துவர் சிகாகோவில், சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு உட்கார்ந்து பேசி, 1969-ல் எழுதிய புத்தகத்தில் வந்தவை அவை. தன் சாவை ஏற்கப் போராடுகிறவர்களிடம் அவர் கண்டதைப் பிறகு ஒருவரைப் பறிகொடுத்து நிற்கும் நம்மைப் போன்றவர்களுக்கும் ஏற்றிவிட்டார்கள். துக்கம் படிப்படியாக ஏறிப் போவதில்லை. நீங்கள் எந்தப் படியிலும் சிக்கிக்கொண்டிருக்கவில்லை.

இரண்டாவதாக நான் போய்ப் பார்த்த சிகிச்சையாளர் திருநெல்வேலிக்காரர். அவரிடம் நான்காவது முறை போனபோது, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலையில் வரும். வால்வைத் திறந்து தொட்டியை நிரப்புவது என் கணவரின் வேலை. அவர் கைப்பேசியில் 5.10-க்கு அலாரம் வைத்திருப்பார். அவர் போன பிறகு ஏழு மாதம் அந்தக் கைப்பேசிக்கு நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். தினமும் 5.10-க்கு அது அடிக்கும். செருப்புச் சத்தம் கேட்குமா என்று படுத்தபடியே காத்திருப்பேன்.

அணைத்துவிடுங்கள் என்று சிகிச்சையாளர் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ, "அதை யார் நிறுத்துவார்கள்?" என்று கேட்டார். யாரும் இல்லை, தானாக நின்று ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அடிக்கும் என்றேன். "அந்த ஐந்து நிமிடம் என்ன செய்வீர்கள்?" என்றார்.

"திட்டுவேன்" என்று வந்துவிட்டது. எனக்கே தெரியாமல் வந்தது. மூன்று நாள் நெஞ்சுவலியை வாயு என்று சொல்லி மறைத்த மனிதரை, இருட்டில், வாய்க்குள் தினமும் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். செத்தவரைத் திட்டுகிறாள் என்று யார் சொல்வார்களோ என்ற பயத்தில் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை. அன்று ஐம்பது நிமிடமும் திட்டினேன். அவர் ஒருமுறைகூட "அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்" என்று குறுக்கிடவில்லை. அதற்குத்தான் நான் 1,200 ரூபாய் கொடுத்தேன். உதவியதா என்று கேட்டீர்களே, இதுதான் என் பதில்.

உங்களுக்கு "அது உங்கள் தவறில்லை" என்று நான் எழுதப் போவதில்லை. இந்தப் பதினான்கு மாதத்தில் அதை நூறு பேர் சொல்லியிருப்பார்கள். அது உங்களைச் சென்று சேரவில்லை. காரணம், உங்களைக் குடைவது அந்த முதல் இரண்டு அழைப்புகளில் அம்மா என்ன சொல்ல நினைத்தார் என்பது. அதற்கு விடை கிடையாது. விடை இல்லாத அந்தக் கேள்வியை, உடனே ஆறுதல் சொல்லி மூடிவிடாத ஒருவர் முன்னால் வைக்க வேண்டும்.

நீடித்த துயரத்தை மருத்துவ உலகம் இப்போது தனி நோய்நிலையாகவே பார்க்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் அது இருக்கிறது. குறைந்தது ஆறு மாதம் தாண்டி, அன்றாட வாழ்க்கையை முடக்கும் அளவுக்கு ஏக்கமும் வலியும் தொடர்வது என்பது அதன் கணக்கு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்கிறது. உங்களுக்கு அதுதானா என்று நான் சொல்ல முடியாது, பயின்ற ஒருவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அறைக்குள் போக முடியாததையும் தாளிக்கும் வாசனைக்கு ஓடுவதையும் அவரிடம் அப்படியே சொல்லுங்கள். இதற்கென்றே கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஷியர் உருவாக்கிய சிகிச்சைமுறை ஒன்று இருக்கிறது. சுமார் பதினாறு அமர்வுகள். மரணச் செய்தி வந்த நேரத்தைக் கண்மூடிச் சொல்லச் சொல்வார்கள். உங்களுக்கு அது லாக்கரைத் திறந்த கணமாக இருக்கலாம். அதைப் பதிவு செய்து, வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்வார்கள். கொடுமையாகத் தோன்றும். சொல்லச் சொல்ல அந்தக் கணத்தின் முனை மழுங்குகிறது. பிறகு தவிர்த்துவந்த இடங்களுக்கு மெல்லத் திரும்புவது. முதல் வாரம் அம்மாவின் அறை வாசலில் நின்றாலே போதும். பின்னர் ஒரு நாள், அம்மா எதிரே இருப்பதாகக் கொண்டு அவரோடு பேசச் சொல்வார்கள். லாக்கர் விஷயத்தை நீங்கள் சொல்லவேண்டியது அவரிடம்தானே?

இதில் மறக்கவைக்கும் வேலை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். துயரப்படுகிறவர் ஒரு நேரம் இழப்புக்குள் போவதும் ஒரு நேரம் வாழ்க்கை வேலைகளுக்கு வெளியே வருவதுமாக ஊஞ்சல்போல் இருப்பது இயல்பு என்று 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். நீங்கள் தொழிற்சாலையில் சிரித்த நாளில் அம்மாவுக்குத் துரோகம் செய்ததாக நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். அது ஊஞ்சல் மறுபக்கம் போன நேரம், அவ்வளவுதான்.

மொழி விஷயத்தில் உங்கள் மனம் சொன்னது சரி. அம்மாவோடு பேசிய மொழியில்தான் அம்மாவைப் பற்றி அழ முடியும். அடுத்த முறை நாள் குறிக்கும்போதே தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கேளுங்கள், கட்டணத்தையும் கேளுங்கள், துயர சிகிச்சையில் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள். கூச்சமே வேண்டாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்துக்கு மருந்து தேவைப்பட்டால் அதை எழுதித் தருகிறவர் மனநல மருத்துவர். தனியாரிடம் போகப் பணம் இடித்தால் நிம்ஹான்ஸ் புறநோயாளிப் பிரிவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கட்டணம் மிகக் குறைவு. வரிசை நீளம்தான், ஆனால் அந்த வரிசையில் கிருஷ்ணகிரி, வேலூர்ப் பக்கத்துத் தமிழ் நிறையக் கேட்கும். வேலை செய்யும் இடத்தில் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருந்தால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமையை உங்களுக்குக் கொடுத்திருக்கிறது.

என் கணவரின் கைப்பேசி இப்போது அலமாரியில் இருக்கிறது, அணைந்து. 5.10 அலாரத்தை என் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டேன். தண்ணீர் வரும் நாளில் நானே எழுந்து போய் வால்வைத் திறக்கிறேன். சில நாள் இன்னும் திட்டுகிறேன்.

அந்தப் பதினொரு அழைப்புகளை அழிக்காதீர்கள். முதல் அமர்வுக்கு அந்தக் கைப்பேசியையும் கொண்டுபோய்த் திரையைக் காட்டுங்கள். பேச்சு வராவிட்டால் அங்கிருந்து தொடங்கிக்கொள்வார்கள். மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்தப் பதிலை அவருக்கு அனுப்புங்கள். உங்கள் மனைவியிடம் பேசிய பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா