700 ஆண்டுகளுக்கு முன்பு தூணே இல்லாமல் 45 மீட்டர் கல் வளைவை எப்படிக் கட்டினார்கள்?

நீங்கள் கேட்பது தெற்கு பிரான்சில் செரே ஊரை ஒட்டி, டெக் ஆற்றின் மேல் நிற்கும் 'சாத்தான் பாலம்' பற்றி. 1321இல் தொடங்கி 1341இல் முடிந்த வேலை. ஒரே வளைவு, 45 மீட்டர். ஆற்றிலிருந்து உயரம் சுமார் 22 மீட்டர். சீனாவின் புகழ்பெற்ற பழைய கல் வளைவான ஆன்ஜி பாலமே 37 மீட்டர்தான்.

தூண் வைக்காததற்குக் காரணம் ஆறு. டெக் பைரனீஸ் மலையிலிருந்து சட்டென்று இறங்குகிறது. பெருமழை பெய்தால் பாறையையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வரும். தூணில் மோதும் நீர் சுழன்று அடிமண்ணைத் தோண்டிவிடும். உலகில் கல் பாலங்கள் விழுவது பெரும்பாலும் இந்த அரிப்பால்தான், பாரத்தால் அல்ல. 1940 அக்டோபர் வெள்ளம் இந்தப் பள்ளத்தாக்கையே புரட்டிப் போட்டது. இந்த வளைவு தப்பியது.

இனி கட்டும் முறை. இது அந்தக் காலக் கொத்தர்களின் பொதுவான வழக்கம்; இந்தப் பாலத்துக்கென்று தனி ரகசியம் இல்லை. முதலில் இரு கரையிலும் வளைவின் முனைகளைத் தாங்கும் முட்டுச்சுவர். வளைவு கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் தள்ளும். முட்டு கொஞ்சம் விலகினாலும் உச்சி இறங்கிவிடும். வளைவின் கீழ்ப்பகுதியில், கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 30 பாகை வரை, கற்கள் உராய்வாலேயே நிற்கும். அதற்கு மேல்தான் மரச் சென்ட்ரிங், அதாவது வளைவு தானே நிற்கும் வரை கல்லைத் தாங்கும் தற்காலிகச் சாரம், தேவை. இத்தனை அகலத்துக்கு அடிப்பது தனிக் கட்டடம் கட்டுவது போல; நடுவில் வெள்ளம் வந்தால் மொத்தமும் போகும்.

ஆப்பு வடிவக் கற்களை இரு பக்கமும் சமமாக ஏற்ற வேண்டும். அரைவட்டத்துக்கு வளைவின் நீளம் சுமார் 71 மீட்டர். கல் 40 செ.மீ. என்று வைத்தால் ஒரு வரிசைக்கே சுமார் 180 கல் வரும். தோள்பகுதியில், அதாவது முட்டுக்கும் உச்சிக்கும் இடைப்பட்ட பகுதியில், பாரம் ஏறும்போது சென்ட்ரிங்கின் உச்சி மேலே எழும்பும். அதை அமுக்க உச்சியில் கற்களை அடுக்கி வைப்பார்கள். உச்சியில் கடைசியாக வரும் நடுக்கல்லை வைத்ததும் சென்ட்ரிங்கைப் பிரித்துவிடவும் கூடாது. சுண்ணாம்புச் சாந்து தடித்த சுவருக்குள் இறுக மாதக்கணக்கில் ஆகும். பிறகு மர ஆப்புகளை எல்லா இடத்திலும் ஒரே சீராக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். உச்சி சற்று இறங்கும், அது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் அவசரப்பட்டால் கற்களுக்கு இடையிலான இணைப்பு வாய் திறந்துவிடும்.

எல்லோரும் நடுக்கல்லைப் பார்த்து வியக்கிறார்கள். என்னைக் கேட்டால் சூட்சுமம் தோளில் இருக்கிறது. அங்கே வளைவின் மேல் போடும் கல், மண் நிரப்பு குறைந்தால் வளைவு வெளியே பிதுங்கும், அதிகமானால் உச்சியை மேலே தள்ளிப் பிய்த்துவிடும். வேல்ஸின் பான்டிப்ரித்தில் வில்லியம் எட்வர்ட்ஸ் கட்டிய வளைவு 1754இல் இப்படித்தான் விழுந்தது. தோளில் வட்டத் துளைகள் விட்டுப் பாரத்தைக் குறைத்த பிறகே, 1756இல், சுமார் 43 மீட்டர் வளைவு நின்றது. செரேயிலோ நானூறு ஆண்டு முன்பே தோளில் திறப்புகள் விட்டிருக்கிறார்கள். சாத்தான் கட்டியது என்று ஊர் சொன்னதில் ஆச்சரியமில்லை.

இப்படிப்பட்ட பாலங்களுக்கு இன்று பெரிய ஆபத்து மேலிருந்து இறங்கும் மழைநீர். அது உள் நிரப்பில் தேங்கிச் சாந்தைக் கரைக்கும். வெடிப்பைப் பார்த்ததும் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லின் முகமே உரிந்து விழும். தளத்தில் நீர் வடிய வழி செய்துவிட்டு, பழைய இணைப்புகளைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடைக்க வேண்டும்.