பாக்கெட் பாப்கார்னில் என்ன இருக்கிறது? கேள்வி பதில்

இந்த வாரம் சுவையூட்டிய பாக்கெட் பாப்கார்ன் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் இருப்பது கேட்டவரின் ஊர். டர்பனில் மருத்துவமனை உணவியலாளராக வேலை பார்த்தவள் என்பதால் சத்துக் கணக்கு சொல்வேன். எந்தக் கடையில் மலிவு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. தொடங்குமுன் ஒன்று: நான்கு வயது நிரம்பாத பிள்ளைக்கு எந்தச் சுவையிலும் பாப்கார்ன் வேண்டாம். மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

சாட்ஸ்வொர்த்: அக்கா, மகள் பள்ளி டக் ஷாப்பில் (தின்பண்டக் கடையில்) தினமும் சீஸ் பாப்கார்ன் வாங்குகிறாள். சிப்ஸைவிட நல்லதாம். உண்மையா?

சோளம் நல்லதுதான். எண்ணெயும் உப்பும் இல்லாமல் வெறும் சூட்டில் பொரித்த 100 கிராமில் ஏறக்குறைய 1,600 கிலோஜூல், 13 கிராம் புரதம், 4 முதல் 5 கிராம் கொழுப்பு, 14 கிராமுக்குக் குறையாத நார்ச்சத்து இருக்கிறது. தோலும் முளையும் நீங்காத முழுத்தானியம் அது. ஆனால் உங்கள் மகள் வாங்குவது அதை அல்ல. ஆலையில் பொரிந்த சோளத்தை ஒரு பெரிய உருளையில் உருட்டி, எண்ணெய் தெளித்து, அதன்மேல் சுவைத்தூளைத் தூவுகிறார்கள். எண்ணெய் இல்லாவிட்டால் தூள் ஒட்டாது. ஆகவே கொழுப்பு 20 கிராமைத் தாண்டுவது சாதாரணம். கொழுப்பு ஒரு கிராமுக்கு 37 கிலோஜூல் தரும், மாவுச்சத்து 17தான் தரும். கணக்குப் போட்டால் பாக்கெட் பாப்கார்ன் சிப்ஸுக்கு அடுத்த வீட்டில் வந்து நிற்கும். எண்ணெய் பாமாயிலாக இருந்தால் அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சத்துப் பட்டியலில் எண்கள் இரண்டு வரிசையாக இருக்கும். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்பதை விட்டுவிட்டு ‘100 கிராமுக்கு’ என்பதைப் படியுங்கள். ஒரு பரிமாறல் 30 கிராம் என்று போட்டிருப்பார்கள், பாக்கெட்டில் 90 கிராம் இருக்கும். மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டு மீதியை மடித்து வைக்கும் பிள்ளையை நான் பார்த்ததில்லை. 100 கிராமில் சோடியம் 700 மில்லிகிராம் என்றால் அந்த 90 கிராமில் 630. இரண்டரையால் பெருக்கினால் உப்பு, ஏறக்குறைய 1.6 கிராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினமும் வேண்டாம் அம்மா. வாரத்தில் ஒரு நாள், அதுவும் சிறிய பாக்கெட்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: நம் தென்னாப்பிரிக்காவில் உப்புக்குச் சட்டம் இருக்கிறதே, பிறகு ஏன் பயப்பட வேண்டும்?

இருக்கிறது, நல்ல சட்டம்தான். 2013இல் அறிவித்து, 2016 ஜூனிலும் 2019 ஜூனிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. சுவையூட்டிய காரத் தின்பண்டங்களுக்கு 100 கிராமில் முதலில் 800, பிறகு 700 மில்லிகிராம் சோடியம் என்பது உச்ச வரம்பு. ஆனால் உப்பும் வினிகரும் கலந்த சுவைக்கு மட்டும் 850 வரை விட்டுவிட்டார்கள். அந்தப் புளிப்பைத் தருவது பெரும்பாலும் சோடியம் டைஅசிடேட் என்ற தூள். உப்பு ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கம், இரண்டிலும் சோடியம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முதலில் கைவிட வேண்டிய சுவை அதுதான். சட்டம் 100 கிராமுக்குத்தான் வரம்பு போட்டிருக்கிறது, நீங்கள் எத்தனை பாக்கெட் பிரிக்கிறீர்கள் என்பதற்கு அல்ல.

ஃபீனிக்ஸ்: கேரமல் பாப்கார்னுக்குச் சர்க்கரை வரி உண்டா?

இல்லை. 2018 ஏப்ரலில் வந்த வரி பானங்களுக்கு மட்டும்.

மெரேபேங்க்: எனக்குச் சர்க்கரை நோய். பாப்கார்ன் சாப்பிடும் நாளில் மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாமா?

மாத்திரையைத் தொடாதீர்கள் ஐயா, கிளினிக்கில் கேளுங்கள். வீட்டில் பொரித்தது 20 கிராம் என்றால், அதன் மாவுச்சத்து ஒரு துண்டு ரொட்டிக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். கேரமல் போட்டதைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

வெருலம்: அக்கா, புரட்டாசியில் சீஸ் பாப்கார்ன் சாப்பிடலாமா? கூடாது என்கிறார் மாமியார்.

உங்கள் மாமியார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. சீஸ் செய்யப் பாலைத் திரிக்கப் பெரும்பாலும் ரென்னட் என்ற நொதி வேண்டும். கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது பழைய வழி. இப்போது நுண்ணுயிரிலிருந்தும் செய்கிறார்கள், ஆனால் எதைப் போட்டார்கள் என்று பாக்கெட்டில் பெரும்பாலும் இருக்காது. சீஸ் இல்லாமல் ‘வே பவுடர்’ மட்டும் இருந்தாலும் கதை அதேதான், திரித்தபின் மிஞ்சிய தெளிநீரை உலர்த்தியது அது. இன்னொன்று, சுவையைத் தூக்கிக் காட்டச் சேர்க்கும், பாக்கெட்டில் இ 631 என்ற எண்ணால் குறிக்கும் பொருள். அது மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் வரலாம், மாவை நொதிக்கவைத்தும் வரலாம். இ 635 என்று இருந்தால் அதற்குள்ளும் 631 உண்டு. வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் பயப்படும் பார்பிக்யூ சுவையில் பல சமயம் இறைச்சியே இருக்காது. தக்காளித் தூள், வெங்காயம், சர்க்கரை, புகைமணம், அவ்வளவுதான்.

டோங்காட்: ஹலால் முத்திரை இருக்கிறதே, அப்புறம் என்ன?

தம்பி, ஹலால் இறைச்சியும் ஹலால்தானே! அந்த முத்திரை பன்றியும் மதுவும் இல்லை என்று சொல்லும், சைவம் என்று சொல்லாது. சைவ முத்திரையைத் தனியாகத் தேடுங்கள்.

ஃபீனிக்ஸ்: இப்படி எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பட்டினிதான். எங்கள் தாத்தா காலத்தில் யார் பார்த்தார்கள்?

தாத்தா தின்றது பொரியும் வறுத்த கடலையும். அவற்றில் பார்ப்பதற்கு எண்ணே இல்லை.

வெருலம்: மாமியாரிடம் படித்துக் காட்டினேன். இப்போது கடை ரொட்டிக்கும் தடை போட்டுவிட்டார். இ 471 இருக்கிறதாம்.

அவர் எங்கே படித்தாரோ, சரியாகத்தான் படித்திருக்கிறார். எண்ணெயும் நீரும் கலந்து நிற்கச் சேர்க்கும் பொருள் அது, தாவரக் கொழுப்பிலிருந்தும் விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரக்கூடியது. ரொட்டிக் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள். விரதத்துக்கு எது ஆகும் என்பதைக் கோவில் குருக்கள் சொல்லட்டும். உங்கள் வீட்டுச் சண்டையில் என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

மவுண்ட் எட்ஜ்கம்ப்: சிப்ஸைவிட பாப்கார்ன் நல்லதா?

மேலே முதல் பதிலைப் பாருங்கள்.

அம்பிலோ: பேரனுக்கு இரண்டு வயது. பாலில் நனைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். பொரியாத மணி பாலில் கரையாது.

லெனேசியா: பெருங்குடல் சுவரில் சிறு பை விழுந்திருக்கிறது, சோளத்தோல் அதில் போய்ச் சிக்கும் என்கிறார்கள்.

நெடுங்காலமாக அப்படித்தான் சொல்லி வந்தோம். 2008இல் அமெரிக்காவில் 47,000க்கும் அதிகமான ஆண்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. பாப்கார்ன் தின்றவர்களுக்கு அந்தப் பை அழற்சி கூடவில்லை. இப்போது வலியோ காய்ச்சலோ இருந்தால் மட்டும் உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த்: சரி அக்கா, வீட்டில் செய்தால் மசாலா ஒட்டுவதே இல்லையே?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். கடை உப்பை அப்படியே போட்டால் சட்டியின் அடியில் போய்த் தங்கும். மிக்ஸியில் மாவாக அரையுங்கள். பாதி உப்பிலேயே சுவை நாக்கில் தெரியும். அரைக் கோப்பைச் சோளத்துக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும். வெடிச்சத்தம் ஓய்ந்ததும் அடுப்பை அணைத்து, சூடு இருக்கும்போதே உப்பு, மிளகாய்த்தூள், காய்ந்த கறிவேப்பிலைப் பொடி தூவி மூடிக் குலுக்குங்கள். புளிப்பு வேண்டுமென்றால் எலுமிச்சை பிழியாதீர்கள், பொரி சுருங்கிவிடும். மாங்காய்த்தூள் போடுங்கள். மிளகாய்த்தூளை மட்டும் முதலிலேயே எண்ணெயில் போட்டுவிடாதீர்கள், கருகி வீடெல்லாம் இருமும்.