12 கேஜா 20 கேஜா: வாத்துத் துப்பாக்கி பற்றிக் கேட்டவர்களுக்கு

அமெரிக்காவில், அர்க்கன்சாவில் பத்தொன்பது வருடம் இருந்தேன். அங்கே ஸ்டட்கார்ட் பக்கம் நம் நாஞ்சில் நாட்டைப் போலவே நெல்வயல்தான். குளிர்காலத்தில் தண்ணீர் கட்டி விடுவார்கள், வாத்து வந்து இறங்கும். இப்போது தோவாளையில் இருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டதற்குத்தான் இந்தப் பதில்கள். இங்கே காட்டு வாத்தைச் சுடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். தேரூர் குளத்தைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

தக்கலைக்காரர், டெக்சாசிலிருந்து: அண்ணாச்சி, 12 கேஜ் தோளைப் பெயர்க்கிறது. 20 கேஜுக்கு மாறினால் வாத்து விழுமா?

விழும், மக்கா. துப்பாக்கியைவிட, தோட்டாவுக்குள் இருக்கும் பொடிக்குண்டான ரவையைத்தான் யோசிக்க வேண்டும். ஒரு பவுண்டு ஈயத்தைக் குழாய் அளவுக்குச் சரியான 20 உருண்டையாக்கினால் அது 20 கேஜ், 12 ஆக்கினால் 12 கேஜ். அதனால்தான் எண் கூடக்கூடக் குழாய் சிறுக்கிறது. 12 கேஜின் உள்விட்டம் 18.5 மில்லிமீட்டர், 20 கேஜுக்கு 15.6. சின்னக் குழாயில் குறைவான ரவைதான் கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒவ்வொரு ரவையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் போகிறது.

சிக்கல் ஸ்டீலில். அங்கே வாத்துக்கு ஈய ரவை தடை, அதனால் பெரும்பாலும் ஸ்டீல் ரவைதான். ஈயத்தின் அடர்த்தி 11.3, ஸ்டீலுக்கு 7.8. எடை குறைந்த ரவை காற்றில் சீக்கிரம் சோர்ந்துவிடும். ஆரல்வாய்மொழிக் காற்றில் நெல் தூற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், பதர் எங்கே போகும், மணி எங்கே விழும் என்று தெரியும். அதனால் ஈயத்தில் 4ஆம் எண் போட்ட இடத்தில் ஸ்டீலில் 2ஆம் எண் போட வேண்டும் (எண் குறையக் குறைய ரவை பெரிது). ரவை பெரிதானால் எண்ணிக்கை குறையும். ஒரு அவுன்சில் 4ஆம் எண் ஸ்டீல் ரவை 190 சொச்சம், 2ஆம் எண் வெறும் 125. 20 கேஜ் தோட்டாவில் பெரும்பாலும் முக்கால் அவுன்சுக்கு மேல், ஒரு அவுன்சுக்குள்தான் இருக்கும். ஆகவே தூரத்தைக் குறையுங்கள். நான் 20 கேஜில் ஸ்டீல் போட்டால் 30 கெஜத்துக்கு மேல் சுட மாட்டேன். வாத்து கால் நீட்டி, சிறகைக் குவித்து இறங்கும் வரை காத்திருப்பேன். பொறுமை இல்லாதவன் 10 கேஜ் வைத்திருந்தாலும் காயம்பட்ட வாத்தைத்தான் நாணலுக்குள் அனுப்புவான்.

காசு இருந்தால் பிஸ்மத் என்ற உலோக ரவை வாங்குங்கள். அடர்த்தி 9.6. சின்னக் கேஜுக்கு அதுதான் தோது.

மார்த்தாண்டத்துக்காரர், கனடாவிலிருந்து: பழைய இங்கிலீஷ் இரட்டைக்குழல் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஸ்டீல் போடலாமா?

போடாதீர்கள். ஈயம் நசுங்கிக் கொடுக்கும், ஸ்டீல் கொடுக்காது. பழைய குழாயின் வாய் இறுக்கமாக இருந்தால் அங்கே புடைத்துவிடும். பிஸ்மத் போடலாம். அதற்கு முன் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள், தோட்டா அறை இரண்டரை அங்குலமா என்று அளக்கச் சொல்லுங்கள். நீளம் கூடிய தோட்டா உள்ளே போய்விடும், வெடிக்கும்போதுதான் தகராறு.

டங்ஸ்டன் எப்படி?

அடர்த்தி 18. இரண்டு மில்லிமீட்டர் ரவையே வாத்தைச் சாய்க்கும். விலையைப் பார்த்தால் நாம் சாய்வோம்.

அமெரிக்காவில் என்னென்ன வேண்டும்?

மாநில லைசென்ஸ். 16 வயதானால் 25 டாலருக்கு வாத்து முத்திரை, அதாவது வேட்டைக்காக வாங்கும் ஸ்டாம்பு. 1934இலிருந்து இருக்கிறது, அந்தப் பணம் நீர்நிலை வாங்கப் போகிறது. துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது. பையில்கூட ஈயத் தோட்டா இருக்கக் கூடாது.

அண்ணாச்சி, 12 நல்லதா 20 நல்லதா?

முதல் பதில்.

தேரூரில் சீழ்க்கைச்சிறகி வாத்து கூட்டமாய்க் கிடக்கிறதே, ஒன்றிரண்டு...

எதற்கு எச்சரித்தேன்? சுசீந்திரம் தேரூர் 2022இலிருந்து ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் பட்டியலில் இருக்கிறது. பைனாகுலர் எடுத்துக்கொண்டு போங்கள், நானும் வருகிறேன்.

மணக்குடிக்காரர்: ஈயத் தடை வெள்ளைக்காரன் வியாபாரத் தந்திரம். எங்கள் வீச்சுவலை முழுக்க ஈயம். எந்த வாத்து செத்தது?

கோழி அறுக்கும்போது கல்லும் மண்ணுமாய் ஒரு பை வருமே, வாத்துக்கும் அதுதான் பல். அரைக்க மணல் பொறுக்கும்போது சேற்றில் கிடக்கும் ரவையையும் விழுங்கும். உள்ளே அது தேய்ந்து ரத்தத்தில் ஏறும். ஒரு தோட்டாவில் நூற்றுக்கு மேல் ரவை, வாத்தின் மேல் படுவது நாலோ ஐந்தோ, மீதி சேற்றில். அந்த வாத்தைத் தின்ற கழுகும் சேர்ந்து செத்தது. அதனால்தான் 1991க்குள் அமெரிக்கா முழுக்க வாத்து வேட்டைக்கு ஈயத்தை நிறுத்தினார்கள்.

அதே மணக்குடிக்காரர்: அப்படியென்றால் வலையையும் தடை செய்யச் சொல்வீர்களா?

நான் அப்படிச் சொல்லவில்லை. உங்கள் வலைக்குண்டு கயிற்றோடு இறுகிக் கிடக்கிறது, பெரிது, வாத்தின் தொண்டையில் இறங்காது. தூண்டிலில் கடித்துப் பொருத்தும் பொடிக்குண்டு வேறு கதை. அன்னப்பறவைகள் செத்ததால் இங்கிலாந்தில் 1987இல் அதற்குத் தடை வந்தது.

குளச்சல் தங்கச்சி: அண்ணே, எங்கள் அப்பா குண்டைப் பல்லால் கடித்துத்தான் வலையில் இறுக்குவார். சிரட்டைக் கனலில் கரண்டி வைத்து ஈயம் உருக்குவதும் வீட்டு முற்றத்தில்தான்.

இவ்வளவு கேள்வியில் எனக்குப் பயம் தந்தது இதுதான், தங்கச்சி. வாத்தை விடுங்கள். அப்பாவுக்கு ஒரு குறடு வாங்கிக் கொடுங்கள். உருக்குவதைப் பிள்ளைகள் விளையாடாத இடத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், அந்தக் கரண்டி திரும்ப அடுக்களைக்குள் வரக் கூடாது. வலை வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகுதான் சோறு. வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் ரத்தத்தில் ஈயம் பார்க்க டாக்டரிடம் கேளுங்கள்.