கொன்ராக்டரின் பில்லில் ஒரு வரி

அன்புள்ள அண்ணை,

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வெளிநாட்டுக் கொம்பனியின் கட்டுமான வேலைத்தளத்தில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் லஞ்சத் தடுப்பு என்று கணினியில் ஒரு பயிற்சி தந்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தில். கடைசியில் சில கேள்விகள், பிறகு ஒரு கையொப்பம். அந்தக் கிழமையே மணல் கொன்ராக்டரின் பில் வந்தது. அதில் 'இதர செலவுகள்' என்று ஒரு பெரிய தொகை. என்னவென்று கேட்டேன். "வழியில ஆக்களைக் கவனிக்காமல் டிப்பர் வந்து சேருமோ தம்பி?" என்று சிரித்தார். மேலாளரிடம் சொன்னால், "அது அவற்ற அலுவல். நாங்கள் ஒருத்தருக்கும் காசு குடுக்கேல்லைத்தானே" என்கிறார். அவர் சொல்வது சரியா? இந்தச் சின்னத் தொகைகளைப் பிடித்து என்ன மாறப்போகிறது? இங்கே இன்னொரு வேலை எடுப்பதும் லேசில்லை.

(பெயர் வேண்டாம்)
கிளிநொச்சி

அன்புள்ள தம்பி,

மேலாளர் சொன்னது பிழை. கொன்ராக்டர் காசு கொடுத்தது உங்கள் கொம்பனியின் வேலை நடப்பதற்காக. அந்தக் காசைத் திருப்பிக் கட்டப்போவதும் உங்கள் கொம்பனிதான். பிறகு எப்படி அது அவருடைய அலுவல் மட்டும் ஆகும்?

இந்தச் சாக்குப்போக்கை உங்கள் மேலாளரை விடப் பெரிய ஆட்களும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். ஓஈசிடி என்ற, பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த பொருளாதார அமைப்பு 2014இல் வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்த 427 வழக்குகளை எடுத்து ஆராய்ந்தது. நான்கில் மூன்று வழக்குகளில் இடையில் ஒரு ஆள் இருந்தார். எங்கள் நாடும் இதில் வருகிறது. 2020 ஜனவரியில் விமானம் செய்கிற எயார்பஸ் கொம்பனி பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்குமாக ஏறக்குறைய 360 கோடி யூரோ தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. பிரிட்டிஷ் நீதிமன்றத்தில் அது ஒப்புக்கொண்டவற்றில் ஒன்று ஸ்ரீலங்கன் விமான நிறுவனத்தோடு செய்த வியாபாரம். அங்கிருந்த ஓர் அதிகாரியின் மனைவியையே இடைத்தரகராக வைத்து 20 லட்சம் டொலர் கொடுத்திருந்தார்கள். உங்கள் மணல் பில்லும் அதே வழியில்தான் போகிறது, தொகைதான் சிறியது.

சட்டமும் மேலாளர் நினைப்பது போல இல்லை. பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொம்பனிக்காக வேலை செய்கிற எவர் லஞ்சம் கொடுத்தாலும் அதைத் தடுக்கத் தவறியது கொம்பனியின் குற்றம். போதிய தடுப்பு ஏற்பாடு வைத்திருந்தோம் என்று கொம்பனி காட்டினால்தான் தப்பலாம். அந்த நாட்டில் தொழில் செய்கிற கொம்பனி என்றால் லஞ்சம் வன்னியில் கைமாறினாலும் பொருந்தும். எங்கள் நாட்டின் 2023ஆம் ஆண்டு ஊழல் எதிர்ப்புச் சட்டம் தனியார் நிறுவனங்களுக்குள் நடக்கும் லஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. பாலியல் லஞ்சத்தையும் அது பெயர் சொல்லியே குற்றம் என்கிறது. ஆள் பிடித்துத் தரும் முகவர்கள் வழியாகப் பெண்களை வேலைக்கு எடுக்கிற கொம்பனிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். புருஷனை இழந்து, பிள்ளைகளோடு வேலை தேடி வருகிற பெண்ணிடம் முகவர் என்ன கேட்டார் என்பது தலைமை அலுவலகத்தின் எந்தக் கணக்கிலும் வராது.

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தமிழில் வைக்கட்டும், கொன்ராக்டரையும் டிப்பர் சாரதியையும் கூட்டி வைத்து நடத்தட்டும். ஆனால் லஞ்சத்துக்கான தேவை பிறக்கிற இடம் வேறு. வெள்ளிக்கிழமைக்குள் கொங்கிரீட் போட்டு முடிக்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து உத்தரவு வரும். மணல் அனுமதிப் பத்திரத்துக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று அங்கே ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பத்திரத்துக்குக் காத்திருக்க நாளும் தராமல், பிந்தினால் தண்டமும் போட்டால் கொன்ராக்டர் என்ன செய்வார்? லஞ்சம் கொடு என்று வாயால் சொல்லாத குறைதான். ஆகவே பத்திரத்துக்கான நாட்களை வேலை அட்டவணையிலேயே போட வேண்டும். என் கணிப்பில், ஒழுக்கக் கோவையை அச்சடித்துக் கொடுப்பதை விட இதுதான் பெரிய தடுப்பு.

அடுத்தது அந்த 'இதர செலவுகள்'. அப்படி ஒரு வரி பில்லில் இருக்கவே கூடாது. ஒவ்வொரு லோட்டுக்கும் டிப்பர் இலக்கம், எத்தனை கியூப், எந்த இடத்து மணல், அனுமதிப் பத்திர இலக்கம் என்று நான்கும் இருக்க வேண்டும். இலக்கம் இல்லாத லோட்டுக்குக் காசில்லை. காசும் கையில் போகாமல் வங்கிக்குத்தான் போக வேண்டும். தேவைப்பட்டால் அவருடைய கணக்கைப் பார்க்க எங்களுக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.

சின்னத் தொகைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். வழியில் ஒருவரைக் 'கவனித்து' வந்த டிப்பரில் இருந்தது எந்த ஆற்று மணல்? கனகராயன் ஆற்றில் இருந்துதான் இரணைமடுக் குளத்துக்குத் தண்ணீர் வருகிறது. இரவிரவாக ஆற்றை அள்ளினால் கரை இடியும், பக்கத்துக் காணிக்காரரின் கிணறு கீழே போகும். அந்தச் சேதத்தின் விலை அந்தப் பில்லில் இல்லை. அதைக் கட்டப்போவது எங்கள் கமக்காரர்கள். அதோடு, போக ஒரு பாஸ், வர ஒரு பாஸ் என்று போர்க் காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று பழகிய சனம் நாங்கள். ஒரு அரச பத்திரம் கிடைப்பதையே யாரோ செய்த உபகாரமாக நினைக்கப் பழகிவிட்டோம். நாளைக்கு வீட்டுத்திட்டப் பத்திரத்துக்கு அதே மேசைக்குப் போகிற கிழவியிடமும் கை நீளும். காசுள்ள கொம்பனிதான் அந்தக் கைக்கு விலை பழக்குகிறது. இதில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

உங்கள் வேலையைப் பற்றிய பயம் நியாயமானது. வீரம் காட்டி யாரோடும் வாய்த்தர்க்கத்துக்குப் போக வேண்டாம். எழுத்தில் கேளுங்கள். "இந்தப் பில்லின் இந்த வரிக்கு விவரமும் பற்றுச்சீட்டும் வேண்டும். அது வரும்வரை என்னால் சரிபார்க்க முடியவில்லை" என்று மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். யாரையும் குற்றம் சாட்ட வேண்டியதில்லை. வாயால் சொன்ன பதிலுக்கும் திகதி போட்டுக் குறித்து வையுங்கள். மேலாளர் அசையாவிட்டால், நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளிலேயே முறைப்பாடு செய்ய ஒரு வழி தந்திருப்பார்கள். அதற்குத் தமிழில் எழுதுங்கள். மொழிபெயர்ப்பது அவர்கள் பாடு. அதற்கும் பதிலில்லை என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கம் இருக்கிறது. தகவல் தருபவருக்குப் பாதுகாப்பு என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு கையில் கிடைக்க நாளாகலாம். அதனால்தான் எழுத்தில் கேட்பதை முதலில் சொன்னேன்.

அந்தப் பில்லுக்கு இன்னும் காசு கட்டவில்லை என்றால் நாளைக்கே அனுமதிப் பத்திர இலக்கங்களைக் கேளுங்கள். கொன்ராக்டர் என்ன கொண்டுவந்து தருகிறார் என்று எனக்கும் அறியத் தாருங்கள்.