அதட்டத் தெரியாதவர் எஸ்.ஐ. ஆகலாமா?

கேள்வி: எனக்கு 23 வயது. பி.எஸ்சி. முடித்துவிட்டு எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசமாட்டேன். "உனக்கு ஒருத்தரை அதட்டவே வராது, போலீஸ் வேலைக்குப் போய் என்ன செய்வாய்?" என்று அண்ணன் கேட்கிறார். என் சுபாவத்துக்கு இந்த வேலை சரிவருமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அண்ணன் சொல்லும் அதட்டல் எஸ்.ஐ. வேலையில் சிறு பகுதிதான். பெரும்பகுதி கேட்பதும் எழுதுவதும். புகார் கொடுக்க வருபவர் பதற்றத்தில் முன்னுக்குப் பின் பேசுவார். அதிலிருந்து நாள், நேரம், இடத்தைப் பிரித்தெடுத்து எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். சாட்சிகளை விசாரித்து கேஸ் டைரி எழுத வேண்டும். 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் வந்தபின், சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பதும் கட்டாயம். பிறகு ஒருநாள் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் துருவித் துருவிக் கேட்பார். டைரியில் ஒரு தேதி இடித்தாலும் கேஸ் ஆட்டம் காணும்.

பாரிக், மவுண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1991-ல் பல ஆய்வுகளைத் தொகுத்து, ஐந்து வகைத் தொழில்களில் எந்தக் குணம் வேலைத்திறனோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். காவல் பணி அந்த ஐந்தில் ஒன்று. எடுத்த வேலையைப் பொறுப்பாக முடிக்கும் குணம் ஐந்திலும் உதவியது. கலகலப்பாகப் பழகும் குணம் மேலாளர், விற்பனையாளர் வேலைகளில்தான் கைகொடுத்தது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் வாக்குமூலத்தை, குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், முடிந்தவரை எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரிதான் அதைச் செய்ய வேண்டும்; அப்போது அவர் சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது அதன் 24-வது பிரிவு. அந்தக் குழந்தை வாய் திறக்கும்வரை அவசரப்படாமல் உட்கார்ந்திருக்க உங்களைப் போன்றவர்கள் வேண்டும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் அமைதி எந்த வகை என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். நிதானத்தால் வரும் அமைதி வேறு, பயத்தால் வாயடைத்துப்போவது வேறு. ஒருவர் முகத்துக்கு நேராகக் கத்தும்போது, குரலை உயர்த்தாமல் "முடியாது" என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்க முடிகிறதா? மேலதிகாரி திட்டியதை மனதில் போட்டுப் புழுங்காமல் அடுத்த வேலையைப் பார்க்க முடியுமா? விபத்து நடந்த இடத்தில் உடலைப் பார்த்துவிட்டு, அன்றே அதைப் பற்றி எழுத முடியுமா? தீபாவளியன்று பந்தோபஸ்து போட்டால் போக வேண்டியதுதான். இவற்றை நினைத்தாலே பல நாள் தூக்கம் கெடும் என்றால், விண்ணப்பிக்கும் முன் ஓர் உளவியல் ஆலோசகரிடம் பேசுங்கள். மறுத்துப் பேசுவது பழகினால் வரும். முன்கோபத்தை அடக்குவதுதான் கடினம். அதனால், காக்கி போட்டால் நாலு பேர் பயப்படுவார்கள் என்று வருகிறவர்களைத்தான் நான் யோசிக்கச் சொல்வேன்.

தேர்வு இதையெல்லாம் அளந்து சொல்லிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். உளவியல் என்ற பெயரில் வரும் கேள்விகளில் தர்க்கமும் கணக்கும்தான் அதிகம். ஒருநாள் உங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்து, ஒரு விசாரணை அதிகாரியைக் குறுக்கு விசாரணை செய்வதைப் பாருங்கள். பொதுவாக யாரும் போய்ப் பார்க்கலாம். அந்தக் கூண்டில் உங்களை நிறுத்திப் பார்க்க மனம் ஒப்புகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

தாலுகா பணி, அதாவது காவல் நிலைய எஸ்.ஐ. வேலை, ஒத்துவராது என்று தோன்றினால் விரல்ரேகைப் பிரிவு, தொழில்நுட்பப் பிரிவு எஸ்.ஐ. பணிகளுக்குத் தனி அறிவிப்பு வரும்போது கல்வித் தகுதியைப் பாருங்கள். அப்புறம், ஓட்டப் பயிற்சியை இன்றே தொடங்குங்கள். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களும் அங்கே வெளியேறுகிறார்கள்.